மூன்று முகடும் ஒரு வெள்ளைப் பாறையும்

நம் பள்ளிக்கூடத்து வாட்ஸ்அப் குழுவில் தினமும் காலையில் உங்களில் யாராவது ஒருத்தி ஒரு படம் அனுப்பிவிடுகிறாள். புல் நுனியில் பனித்துளி. கீழே, ‘சின்னச் சின்ன விஷயங்களை ரசிக்கக் கற்றுக்கொள்ளுங்கள்’ என்று ஒரு வரி. உடனே நீங்கள் எல்லோரும் கைகூப்பி, பூப் போட்டு, இதயம் போட்டு அமர்க்களப்படுத்துகிறீர்கள். நான் மட்டும் எதுவும் போடுவதில்லை. ஏன் இவள் இப்படி உம்மென்று இருக்கிறாள் என்று போன வாரம் ஒருத்தி கேட்டும் விட்டாள். சொல்கிறேன். எங்கள் வீட்டில் ஒருத்தி அப்படிச் சின்ன விஷயங்களை ரசித்துக்கொண்டிருந்தாள். அவளுக்கு நாங்கள் பேய் ஓட்டினோம்.

அவள் என் அத்தை. அப்பாவின் கடைசித் தங்கை. அம்மாவைப் பெற்ற தாத்தா பாட்டியும் இல்லாமல், அப்பாவைப் பெற்றவர்களும் இல்லாமல் போன வீடு எங்களுடையது. அதனால் அத்தையை வளர்த்ததும், கட்டிக்கொடுக்க வேண்டியதும் அப்பாதான். கச்சிராயபாளையத்துக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். வாசலில் நின்றால் மேற்கே கல்வராயன் மலை படுத்திருக்கும். மழை வருமா, பனி இறங்குமா, வெயில் ஏறுமா, எல்லாவற்றையும் மலையைப் பார்த்துத்தான் சொல்வார்கள். அப்பா காலையில் பல் விளக்குவதற்கு முன்னால் மலையைப் பார்ப்பார்.

அத்தை மலையைப் பார்க்க மாட்டாள். கீழே பார்ப்பாள். இல்லாவிட்டால் கையில் இருப்பதைப் பார்ப்பாள். எதை எடுத்தாலும் மூக்குக்கு நேரே கொண்டுவந்து வைத்துக்கொள்வாள். உப்புக் கல்லை உள்ளங்கையில் போட்டு, “இத பாருடி, ஒவ்வொண்ணும் சின்ன வூடு மாரி சதுரமா இருக்குது. செவுரு கூட இருக்குது” என்பாள். நானும் பார்ப்பேன். எனக்கு உப்பு உப்பாகத்தான் தெரியும். மல்லாட்டையை, அதுதான் வேர்க்கடலையை, உரித்தால் பருப்பின் மேலிருக்கும் சிவப்புத் தோலில் நரம்பு நரம்பாக ஓடுகிறதே, நீங்கள் யாராவது கவனித்திருக்கிறீர்களா? அத்தை கவனிப்பாள். ஒவ்வொரு பருப்பாக எடுத்துப் பார்த்துச் சிரிப்பாள். மாட்டின் கண்ணிமை, எண்ணெய்ச் சொட்டுக்குள் தலைகீழாகத் தெரிகிற ஜன்னல், நொய்யைத் தூக்கிப்போகிற எறும்பின் பின்னங்கால். அவள் சிரிப்பு சத்தம் வராத சிரிப்பு. மூக்கால் கொஞ்சம் காற்று விடுவாள், அவ்வளவுதான்.

“மோந்து பாக்குற கழுத” என்று அம்மா கேலி செய்வாள். கோபமாக அல்ல. அம்மாவுக்கு நாத்தனார் மேல் பிரியம்தான். ஆனால் வேலை நடக்க வேண்டுமே.

அவளிடம் ஒரு தகரப் பவுடர் டப்பா இருந்தது. பவுடர் தீர்ந்து பல வருஷம் ஆகியும் திறந்தால் வாசனை வரும். அதற்குள் ஒரு பாம்புச் சட்டைத் துண்டு, வழவழப்பான புளியங்கொட்டை, செத்துக் காய்ந்த தும்பி, ஒரு பொன்வண்டின் இறக்கை. இறக்கையைச் சாய்த்துப் பிடித்தால் பச்சை, நிமிர்த்தினால் தங்கம், இன்னும் கொஞ்சம் திருப்பினால் ஊதா. அதில் புள்ளி புள்ளியாகக் குழி இருக்கிறது என்றும், ஒவ்வொரு குழிக்குள்ளும் ஒரு நிறம் இருக்கிறது என்றும் அத்தை சொல்வாள்.

அவளுக்கு நான்தான் துணை. எங்கே போனாலும் என் கையைப் பிடித்துக்கொள்வாள். தெருவில் யாராவது எதிரே வந்தால் விரலை லேசாக அழுத்துவாள். “யாருடி வர்றது?” என்று உதடு அசையாமல் கேட்பாள். “மேலத்தெரு பெரிம்மா” என்று நானும் மெதுவாகச் சொல்வேன். உடனே அவள் முகத்தைச் சிரித்த மாதிரி வைத்துக்கொண்டு “வாங்க பெரிம்மா” என்பாள். எனக்கு அது ஒரு விளையாட்டு. அத்தைக்கும் எனக்கும் மட்டும் தெரிந்த விளையாட்டு.

நான் கூட இல்லாத நாட்களில்தான் வம்பு வந்தது. பெரியவர்கள் எதிரே வந்தால் எழுந்து நின்று வாங்க என்று சொல்ல வேண்டியது எங்கள் பக்கத்துப் பெண்பிள்ளைகளின் கடமை. அத்தை அப்படியே உட்கார்ந்திருப்பாள். “உன் நாத்தனாளுக்குத் திமிரு ஜாஸ்தி. எதிர்ல போனாலும் கண்ணு தெரியாத மாரி உக்காந்துக்கினு இருக்குது” என்று அம்மாவிடம் வந்து குறை சொல்வார்கள். கண்ணு தெரியாத மாரி. எத்தனை பேர் எத்தனை தடவை அந்த வார்த்தையைச் சொன்னார்கள்! ஒருத்தருக்காவது சந்தேகம் வரவில்லை. கண்ணாடி என்பது வாத்தியாரும் வயதான கர்ணமும் போட்டுக்கொள்வது. பத்தொன்பது இருபது வயதுப் பெண்ணுக்குக் கண் தெரியாமல் இருக்கும் என்று அங்கே யாருக்குத் தோன்றும்?

அவளாவது சொல்லியிருக்கலாமே என்று நீங்கள் கேட்பீர்கள். ‘கண்ணு கம்மி’ என்று ஒரு பெண்ணைப் பற்றிப் பேச்சு எழுந்தால் எந்த வீட்டு வாசலிலும் மாப்பிள்ளை வந்து நிற்க மாட்டான். அது அவளுக்குத் தெரியும். அவளுக்கு ஒரு மாப்பிள்ளை மனதில் இருந்தார்.

மணலூர்பேட்டைப் பக்கம் கரும்பும் நெல்லும் போடுகிற குடும்பம். தூரத்து உறவு. பத்திரிகை வைக்க வந்த அந்தப் பையனுக்கு அத்தைதான் தலை குனிந்தபடி சொம்பில் தண்ணீர் கொண்டுபோய்க் கொடுத்தாள். அன்று சாயங்காலம் என்னிடம், “அவரு சட்டையில ஒரு பொத்தானு மட்டும் வேற நூல்ல தச்சிருக்குதுடி. அவரே தச்சிருப்பாரு போல. முடிச்சி வெளிய தெரிது” என்றாள். மூஞ்சி எப்படி இருந்தது என்று கேட்டேன். கொஞ்சம் யோசித்துவிட்டு, “நீதான் பாத்தியே, நீ சொல்லு” என்றாள். நான் சொன்னேன். மூக்கு, மீசை, நெற்றியில் ஒரு வெட்டுத் தழும்பு. கதை கேட்கிற மாதிரிக் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் சொல்ல வந்த பருவம் அந்த வருஷத்து மார்கழி. மல்லாட்டை பிடுங்கிக்கொண்டிருந்தார்கள். ஈர மண் வாசனையும் பச்சைக் காயின் பால் வாசனையும் ஊர் முழுக்க இருக்கும். விடிந்ததும் களத்தில் செடியைக் குவித்துப்போட்டு, பெண்கள் சுற்றி உட்கார்ந்து காய் ஆய்வார்கள். களத்தோரம் துவரைச் செடி. பனியில் துவரைக்குத் துவரை சிலந்தி கட்டிய வலை, வலை முழுக்க முத்து முத்தாகத் துளி.

பெண் பார்க்கச் சொல்லிவிட்டு வருவது ஊரறிய நடப்பது. அதற்கு முன்னால் பையனின் தாயார் சொல்லாமல் கொள்ளாமல் வந்து பார்த்துவிட்டுப் போவதும் எங்கள் பக்கத்தில் உண்டு. பெண் வேலை செய்கிற லட்சணம், நடை, யாரிடம் எப்படிப் பேசுகிறாள் என்றெல்லாம் அப்போதுதானே தெரியும். விதைக்கு மல்லாட்டை கேட்கிற சாக்கில் அந்த அம்மா ஒரு நாள் காலையில் களத்தின் அந்தக் கோடியில் வந்து நின்றார். நான் பள்ளிக்கூடம் போய்விட்டேன். அத்தை நிமிர்ந்து அந்தப் பக்கம் பார்த்திருக்கிறாள். அவளுக்கு ஏதோ வெள்ளையாக அசைந்திருக்கும், அவ்வளவுதான். திரும்பவும் குனிந்து, துவரைச் செடியில் இருந்த வலைக்குப் பக்கத்தில் மூக்கைக் கொண்டுபோய்ப் பார்த்துச் சிரித்திருக்கிறாள்.

அந்த அம்மா எங்கள் வீட்டில் தண்ணீர் கூடக் குடிக்கவில்லை. “பொண்ணு என்ன நேருக்கு நேரா பாத்துச்சுங்க. பாத்துட்டு, நான் ஒரு ஆளே இல்லாத மாரி குனிஞ்சி தனியா சிரிக்குது. ஒண்ணு திமிரா இருக்கணும், இல்ல வேற ஏதோ இருக்கணும். எதுவா இருந்தாலும் முடிச்சிட்டுச் சொல்லி அனுப்புங்க” என்று அப்பாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

முடித்துவிட்டு என்றால், பூசாரியிடம் போய்விட்டு என்று பொருள்.

மலையடிவாரத்தில் ஒரு புளியமரத்தடிக் கோயில். அங்கே ஒரு பூசாரி. பேய் பிடித்தவர்களுக்கு மலை தெரியாது என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மலையில் இருக்கிற சாமியைப் பார்க்கப் பயந்து பேய் கண்ணை மறைத்துவிடுமாம். அதனால் பூசாரி முதலில் கேட்கிறது ஒன்றே ஒன்றுதான்: மலை தெரியுதா? தெரியுது என்று சொல்லி, எப்படி இருக்கிறது என்றும் சொல்லிவிட்டால் திருநீறு போட்டு அனுப்பிவிடுவார். பிறகு மணலூர்பேட்டைக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான் பாக்கி.

இது ஊரில் எல்லோருக்கும் தெரியும். அத்தைக்கும் தெரியும். போவதற்கு முந்தின நாள் சாயங்காலம் என்னைக் களத்துக்குக் கூட்டிக்கொண்டு போய் மேற்கே பார்த்து உட்கார வைத்தாள்.

“மலை எப்பிடி இருக்குது, சொல்லுடி.”

“மூணு மொகடு அத்த. நடுவுல இருக்கிறதுதான் பெருசு. அதுக்குத் தெக்க ஒரு பள்ளம்.”

“அப்புறம்?”

“பள்ளத்துக்குப் பக்கத்துல ஒரு வெள்ளப் பாற. வேட்டி காயப் போட்ட மாரி.”

“இன்னா கலரு?”

“நீலம். கீழ வர வர பச்ச.”

அவள் திருப்பிச் சொன்னாள். மூணு மொகடு, நடுவுல பெருசு, தெக்க பள்ளம், வெள்ளப் பாற. வாய்ப்பாடு மாதிரி இரண்டு பேரும் சேர்ந்து சொன்னோம். ஒரு தப்பும் இல்லாமல் சொன்னாள். அப்புறம், “அவ்ளோ பெருசாவாடி இருக்குது? எனக்கு அந்தப் பக்கம் வெறும் மோடந்தான்” என்றாள். மோடம் என்றால் மேகமூட்டம். கல்வராயன் மலை அவளுக்கு வாழ்நாள் முழுக்க மேகமூட்டமாகவே இருந்திருக்கிறது. எனக்கு அப்போது அது பெரிதாகப் படவில்லை. அவள் நன்றாக மனப்பாடம் செய்துவிட்டாள் என்கிற சந்தோஷம்தான் இருந்தது.

மறுநாள் அவ்வளவு தெளிவான பகல். மலை கைக்கு எட்டுகிற மாதிரி நின்றது. அத்தையை ஈரப் புடவையோடு மேற்கே பார்த்து உட்கார வைத்தார்கள். அப்பா, அம்மா, தெருவிலிருந்து துணைக்கு வந்த நாலைந்து பேர். நான் அவள் முதுகுக்குப் பின்னால் முந்தானையைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பூசாரி உடுக்கையை நிறுத்தினார். வெற்றிலையில் கற்பூரத்தை ஏற்றி அவள் எதிரே நீட்டினார்.

“கல்பூரத்து மேல அடிச்சிச் சொல்லு. மலை தெரியுதா?”

இந்தக் கற்பூரத்தை நாங்கள் நினைத்துப் பார்க்கவில்லை.

அத்தை கற்பூரத்தைப் பார்த்தாள். அது கிட்டத்தில் இருந்தது, அதனால் அவளுக்கு நன்றாகத் தெரிந்திருக்கும். ரொம்ப நேரம் அந்தச் சுடரையே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் பின்னாலிருந்து, “மூணு மொகடு அத்த, மூணு மொகடு” என்று முணுமுணுத்தேன். அவள் சுடருக்கு மேலே கையை வைத்தாள்.

“தெரிலங்க” என்றாள்.

கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். பூசாரி குரலை உயர்த்தினார். “எதிர்ல மலை நிக்குது. தெரிலன்னு சொல்றது யாரு? யாரு நீ?”

“நான்தாங்க” என்றாள் அத்தை.

“நான்னா யாரு?”

“நான்தாங்க.”

எனக்குப் பொறுக்கவில்லை. எழுந்து நின்று கத்தினேன். “அத்தைக்கு எப்பவுமே மலை தெரியாது! எப்பவுமே!” இன்றுவரை அதற்காக நான் வருத்தப்பட்டதில்லை. அந்த இடத்தில் உண்மை பேசியவர்கள் நாங்கள் இரண்டு பேர்தான். ஆனால் அப்பா என்னைப் பார்த்த பார்வையில் பயம் வந்துவிட்டது. “எப்பவுமேவா?” என்றார். பிறகு பூசாரியைப் பார்த்து, “அப்ப ரொம்ப நாளா புடிச்சிக்கினு இருக்குதுங்க” என்றார்.

வேப்பிலையால் அடித்ததை எல்லாம் விவரமாகச் சொல்ல மாட்டேன். உச்சியில் ஒரு கற்றைக் கூந்தலைப் பிரித்து, புளியமரத்தில் வைத்து ஆணி அடித்து, பிறகு அறுத்தார்கள். பேய் மரத்தோடு நின்றுவிட்டது என்றார் பூசாரி. எதையும் கிட்டத்தில் வைத்துப் பார்க்கக் கூடாது, எதையும் பார்த்துத் தனியாகச் சிரிக்கக் கூடாது, தூரத்தைப் பார்த்தே பழக வேண்டும் என்றும் சொல்லி அனுப்பினார். பவுடர் டப்பாவை அப்பா கோமுகி ஆற்றில் வீசினார். அது கொஞ்ச தூரம் மிதந்து போனதாம். அம்மா சொன்னாள்.

அத்தை பூசாரி சொன்னபடியே இருந்தாள். கையை மடியில் வைத்துக்கொண்டு வாசலில் உட்கார்ந்து, தூரத்தைப் பார்த்துக்கொண்டிருப்பாள். அங்கே அவளுக்கு ஒன்றுமே கிடையாது. பகல் முழுக்க வெறும் மோடத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். “இப்பதான் பொண்ணு அடக்கமா, நல்லா இருக்குது” என்று தெருவில் சொன்னார்கள்.

மணலூர்பேட்டைக்காரர்கள் வேறு இடம் பார்த்துவிட்டார்கள். ஆணி அடித்த பெண்ணுக்கு அக்கம்பக்கத்தில் மாப்பிள்ளை கிடைக்காது என்று, உளுந்தூர்பேட்டையில் ரோட்டோரம் ஓட்டல் வைத்திருந்த ஒருவருக்கு அவசர அவசரமாகப் பேசினார்கள். முதல் மனைவி இறந்துபோனவர். கெட்ட மனிதர் என்று சொல்ல முடியாது. கிளம்புகிற அன்று அத்தை என்னைக் கட்டிக்கொண்டபோது முந்தானை முடிச்சை அவிழ்த்து என் கையில் எதையோ வைத்து மூடினாள். பொன்வண்டின் இறக்கை. டப்பா போவதற்கு முன்பே அதை மட்டும் எடுத்து முடிந்து வைத்திருந்திருக்கிறாள். “நீ கிட்ட வச்சிப் பாரு. உன்ன யாரும் ஒண்ணும் சொல்ல மாட்டாங்க” என்றாள்.

உளுந்தூர்பேட்டை ரோடு உங்களுக்குத் தெரியும். சென்னைக்கும் திருச்சிக்கும் போகிற லாரியெல்லாம் அதன் வழியாகத்தான் போகும். ஓட்டல் ரோட்டுக்கு இந்தப் பக்கம், தண்ணீர்க் குழாய் அந்தப் பக்கம். என் கை அங்கே இல்லை. யாருடி வர்றது என்று அவள் யாரைக் கேட்பாள்?

அடுத்த மல்லாட்டைப் பருவத்துக்குள் செய்தி வந்துவிட்டது. குடத்தோடு ரோட்டைக் கடந்தாளாம். நல்ல வெயில் நேரம். “பட்டப் பகலு. அவ்ளோ பெரிய லாரி. தெரிலயா அவளுக்கு?” என்று அப்பா வருகிறவர் போகிறவரிடமெல்லாம் கேட்டுக்கொண்டிருந்தார். “மரத்துல ஆணி கயண்டுக்கினு இருக்கும்” என்றாள் அம்மா. காரியம் முடிந்ததும் அப்பா புளியமரத்துக்கு நடந்தே போய்ப் பார்த்துவிட்டு வந்தார். “ஆணி அப்பிடியேதான் இருக்குது” என்று சொல்லிவிட்டுச் சாப்பிடாமல் படுத்துக்கொண்டார்.

ஒன்பதாவது படிக்கும்போது கரும்பலகை எனக்குக் கலங்க ஆரம்பித்தது. உங்களுக்கு நினைவிருக்கும், முதல் பெஞ்சுக்கு மாற்றினார்கள், அப்படியும் பக்கத்தில் இருந்தவள் நோட்டைப் பார்த்துத்தான் எழுதுவேன். டீச்சர் சொல்லி அனுப்ப, அப்பா என்னைக் கள்ளக்குறிச்சியில் கண் டாக்டரிடம் கூட்டிக்கொண்டு போனார். டாக்டர் மாற்றி மாற்றிக் கண்ணாடியைப் போட்டுப் பார்த்துவிட்டு, “கிட்டத்துல நல்லா தெரியும், தூரந்தான் தெரியாது. இது பரம்பரையா வர்றது. உங்க வீட்ல வேற யாருக்காவது இப்படி இருக்கா?” என்று கேட்டார்.

“இல்லீங்க” என்றார் அப்பா. உடனே சொல்லிவிட்டார். யோசிக்கக் கூட இல்லை.

கண்ணாடி தயாராகி, வாங்கப் போனோம். போட்டுக்கொண்டு பேருந்து நிலையத்துக்கு வந்ததும் நான் மேற்கே பார்த்தேன். “அப்பா, மலை தெரியுது!” என்றேன். அப்பா என் பக்கம் திரும்பினார்.

“இதுக்கு முன்னாடி இன்னா தெரிஞ்சிது?”

“மோடம் மாரி இருந்திச்சி.”

அப்பா கொஞ்ச நேரம் என் கண்ணாடியையே பார்த்தார். அப்புறம் கடைப் படிக்கட்டில் உட்கார்ந்துவிட்டார். துண்டை எடுத்து வாயைப் பொத்திக்கொண்டார். எங்கள் ஊர் பஸ் வந்து நின்றது, ஆட்கள் ஏறினார்கள், புறப்பட்டுப் போனது. நாங்கள் ஏறவில்லை. அதற்கப்புறம் இருபது வருஷத்துக்கு மேல் உயிரோடு இருந்தார். காலையில் எழுந்ததும் மலையைப் பார்ப்பதை மட்டும் நிறுத்திவிட்டார்.

ஆயுசு முழுக்க நான் கண்ணாடிக்காரிதான். ஆனால் எனக்கு ஒரு வழக்கம் இருந்தது, இதுவரை உங்களிடம் சொன்னதில்லை. சமையல்கட்டில் யாரும் இல்லாத நேரத்தில் கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, எதையாவது மூக்கருகே பிடித்துப் பார்ப்பேன். வெந்தயம், பூண்டுத் தோல், என் ரேகை. உப்புக் கல்லுக்குச் சுவர் இருக்கிறது, அத்தை சொன்னது நிஜம். அந்த இறக்கையையும் எடுத்துப் பார்ப்பேன். குழிக்குள் நிறம் இருப்பதும் நிஜம். கண்ணாடியைக் கழற்றினால் அவளோடு இருக்கிற மாதிரி இருக்கும்.

போன மாதம் எனக்குக் கண்புரை எடுத்தார்கள். தூரத்துக்கு லென்ஸ் வைத்திருக்கிறார்கள். இனிமேல் கண்ணாடி இல்லாமலே தூரம் தெரியும், கிட்டத்துக்குத்தான் கண்ணாடி போட வேண்டும் என்று டாக்டர் சொன்னார். எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மகன் என்னை மொட்டை மாடிக்குக் கூட்டிக்கொண்டு போய், “அம்மா, மலை தெரியுதா?” என்று கேட்டான்.

தெரிகிறது. நன்றாகத் தெரிகிறது. இங்கே கள்ளக்குறிச்சி டவுனிலிருந்து பார்த்தாலும் அப்படியேதான் இருக்கிறது. மூன்று முகடு, நடுவில் பெரியது, தெற்கே பள்ளம், பள்ளத்துக்குப் பக்கத்தில் வேட்டி காயப் போட்ட மாதிரி ஒரு வெள்ளைப் பாறை. கற்பூரத்தின் மேல் அடித்துச் சொல்வேன். கீழே இறங்கி வந்து, இறக்கையை எடுத்து மூக்குக்கு நேரே பிடித்தேன். வெறும் மோடமாக இருந்தது.